என்4 தேர்வுக்குக் கான்ஜியை எழுதிப் பழகவேண்டுமா, பார்த்தால் போதுமா?

ஆகஸ்ட் 12, 2022 (கேள்வி, மார்த்தாண்டத்திலிருந்து)

டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வின் என்4 நிலையை எழுதப்போகிறேன். பாலிடெக்னிக் முடித்தவன். முந்நூறு கான்ஜி (சீனாவிலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த பட எழுத்து) தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து வீதம், ஒவ்வொன்றையும் ஐம்பது முறை கட்டம் போட்ட நோட்டில் எழுதுகிறேன். நான்காவது நோட்டு முடிந்துவிட்டது. முதல் நோட்டைப் புரட்டினால் வேறு யாரோ எழுதியது போல் இருக்கிறது, பாதி நினைவில் இல்லை. இப்படித்தான் படிக்கவேண்டுமா?

ஆகஸ்ட் 12, இரவு

மூடுங்கள் அந்த நோட்டை.

தேர்வில் ஓர் எழுத்தைக்கூட உங்களை எழுதச் சொல்லமாட்டார்கள். நான்கு விடைகள் இருக்கும், ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் நாளொன்றுக்கு ஐந்நூறு முறை கையை ஒடித்துக்கொள்வது எதற்காக? ஐம்பதில் முதல் மூன்று முறைதான் மூளை பார்க்கிறது. மீதி நாற்பத்தேழும் கை தன்பாட்டுக்குப் போடுகிற கோடு.

நானும் இந்த டிசம்பரில்தான் எழுதுகிறேன். நோட்டே வைத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 13

பகலில் தூங்கி எழுந்து பார்த்தால் மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். "நீங்கள் என்ன பெரிய பண்டிதரா, எப்படிப் படிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று ஒருவர். சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகவேண்டும் என்பது எண்ணம். 2019 ஏப்ரலில் அவர்கள் தொடங்கிய குறித்த திறன் விசாவுக்கு என்4 அல்லது அதற்கு ஈடான அடிப்படைத் தேர்வு வேண்டும், பராமரிப்பு வேலை என்றால் அதற்கென்று தனியாக இன்னும் தேர்வுகள் உண்டு. முப்பத்திரண்டு வயதில் புது எழுத்து படிக்கிறேன் என்று வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார்கள்.

கையுறை தீர்ந்த காலிப் பெட்டிகள் வார்டில் நிறையக் கிடக்கும். அவற்றின் உள்பக்கம் நல்ல வெள்ளை. சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் சொல்லைக் கான்ஜியில் எழுதுவேன், மறுபக்கம் ஒலியும் பொருளும். இரவு இரண்டிலிருந்து நான்கு வரை வார்டு அடங்கியிருக்கும். சட்டைப்பையிலிருந்து முப்பது அட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்புவேன். காதில் எதையும் மாட்ட முடியாது, நோயாளி மணி அடித்தால் கேட்கவேண்டும். அதனால் கான்ஜி எனக்குத் தோதான படிப்பு. சத்தம் இல்லாத படிப்பு.

கவனியுங்கள், அட்டையில் இருப்பது சொல். தனி எழுத்து இல்லை.

ஆகஸ்ட் 14

முந்நூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: 1984இல் தொடங்கியபோது இந்தத் தேர்வுக்கு நான்கு நிலைகள்தான். மூன்றாம் நிலைக்குச் சுமார் 300 கான்ஜி, 1,500 சொல் என்று அவர்களே அளவு சொல்லியிருந்தார்கள். 2010இல் ஐந்து நிலைகளாக மாற்றியபோது பட்டியல் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பழைய மூன்றாம் நிலைதான் ஏறக்குறைய இன்றைய என்4. ஆக 300 என்பது பழைய ஊர்ப்பெயர் மாதிரி. பலகையில் இருக்காது, ஆனால் பஸ் கண்டக்டர் அதைத்தான் கூவுவார்.

ஜப்பானில் அன்றாட வழக்குக்கு என்று அரசு வகுத்த பட்டியலில் 2,136 இருக்கின்றன. அதில் 1,026 ஆரம்பப் பள்ளிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. நாம் எழுதப்போவது அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த அளவு, கொஞ்சம் முன்னே பின்னே. இதை என் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

ஒரே எழுத்துக்கு ஏன் இரண்டு ஒலி என்று தம்பி (மார்த்தாண்டம்) கேட்கிறார். ஓன்யோமி, குன்யோமி என்று புத்தகம் சொல்வது தலையில் ஏறவில்லையாம்.

இப்படி நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு ஒரு படம் போடுகிறோம். அந்தப் படம் தனியாக நின்றால் "நீர்" என்று படிக்கிறோம். இன்னொரு படத்தோடு ஒட்டினால் "ஜல" என்று படிக்கிறோம்: ஜலதோஷம், ஜலதரங்கம். படம் ஒன்றுதான். ஜப்பானியத்தில் அதே கதை. தனியாக நின்றால் மிசு, அவர்கள் சொந்தச் சொல்; இதுதான் குன்யோமி. ஒட்டினால் சுய், சீனாவிலிருந்து வந்த ஒலி; இது ஓன்யோமி. சுய்டோ என்றால் குழாய்நீர், கோசுய் என்றால் வாசனைத் திரவியம், சுயியோபி என்றால் புதன்கிழமை. எல்லாவற்றிலும் அந்த ஒரே தண்ணீர்ப் படம்.

எனக்கு இது விளங்கியது அர்த்தராத்திரியில், ட்ரிப் பாட்டில் மாற்றும்போது. அங்கேயே சிரித்துவிட்டேன். நோயாளியின் மகள் பயந்துபோனாள்.

ஆகஸ்ட் 21

நேற்று எழுதியது கொஞ்சம் அதிகப்படி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்டித்திருக்கிறார்: நீரும் ஜலமும் நமக்கு இரண்டு சொற்கள், எழுத்தும் வேறு, ஒன்றை விட்டால் மற்றொன்று போதும், ஜப்பானியருக்கு அந்த வசதி கிடையாது என்று. சரிதான் ஐயா.

மேலும் "இரண்டு ஒலி" என்பதே பொய். ஞாயிற்றுக்கிழமையை எடுங்கள்: நிச்சியோபி. மூன்று எழுத்து. முதலும் மூன்றும் ஒரே எழுத்து, சூரியன் அல்லது நாள் என்று பொருள். முதலில் நிற்கும்போது நிச்சி, கடைசியில் நிற்கும்போது பி. ஒரே சொல்லுக்குள் ஒரே ஆள் இரண்டு பெயரில்! பிறப்பு, உயிர் என்று பொருள்படும் எழுத்து இன்னும் மோசம்: செய், ஷோ, இகிரு, உமரேரு, நமா என்று போய்க்கொண்டே இருக்கும். இதில் நமா மட்டும் எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. நம்முடைய "பச்சை"தான் அது. பச்சை மீன், பச்சைப் பால் என்கிறோமே, அந்தப் பச்சை.

அதனால்தான் சொல்கிறேன், எழுத்துக்குரிய ஒலிப்பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லாகப் பிடியுங்கள். நிச்சியோபி தெரிந்தால் நிச்சியும் பியும் தாமாக வந்துவிடும்.

ஆகஸ்ட் 29, திங்கள்கிழமை

இன்று திங்கள்சந்தையில் இறங்கிக் காய்கறி வாங்கினேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நின்றபோது பொறி தட்டியது.

திங்கள் என்றால் நமக்கு நிலா. திங்கள் என்றால் மாதம். திங்கள் என்றால் கிழமை. ஜப்பானியத்தில் நிலாவுக்கு ஓர் எழுத்து, நான்கு கோடு. அதுவே மாதம். அதுவே திங்கள்கிழமையின் முதலெழுத்து. சின்ன வயதிலிருந்து இந்தச் சந்தைக்கு வந்துபோகிறேன். இருபத்தைந்து வருடமாகத் தெரிந்த கான்ஜி ஒன்று எனக்கு இருந்திருக்கிறது, அது கான்ஜி என்று தெரியாமல்.

பிறகு வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு, சூரியன். செவ்வாய் அவர்களுக்கு நெருப்புக் கோள். புதன் தண்ணீர்க் கோள், வியாழன் மரக் கோள், சனி மண் கோள். கிழமைக்கும் அதே எழுத்து, கோளுக்கும் அதே எழுத்து, நம்மைப் போலவே. ஏழும் பொருந்துகின்றன. ஒரே ஒரு தகராறு: நம்முடைய வெள்ளி அவர்களுக்குத் தங்கம். ஒரே கோளைப் பார்த்து நாம் வெள்ளி என்கிறோம், அவர்கள் பொன் என்கிறார்கள். விலை தெரிந்தவர்கள்.

கிழமை ஏழுக்கும் தனியாக அட்டை போட்டிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 30

"தமிழ்தான் ஜப்பானியத்துக்குத் தாய்" என்று ஆரம்பித்துவிட்டார்கள் நாலைந்து பேர். நான் அப்படிச் சொல்லவில்லை, என்னை விடுங்கள். ஏழு கோள்களைக் கிழமைக்கு வைக்கும் கணக்கு இந்தியச் சோதிடத்திலிருந்து சீன மொழிபெயர்ப்பு வழியாக 9ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குப் போனது. அங்கே நெடுநாள் பஞ்சாங்கக்காரர்கள் கையில்தான் இருந்தது, ஊருக்கெல்லாம் வந்தது மெய்ஜி காலத்தில் (1868–1912). அந்தக் கணக்கு நமக்கும் வந்துசேர்ந்ததுதான். ஒரே கடையில் சரக்கு எடுத்தவர்கள், உறவுக்காரர்கள் அல்ல.

அதைவிட உருப்படியான ஒன்று. ஜப்பானிய அகராதியின் வரிசை அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப இருந்தது. இப்போது படித்துப் பாருங்கள்: க ச த ந ப ம ய ர வ. புத்த பிக்குகள் சமஸ்கிருத ஒலிகளைப் படித்த வழியில் போன வரிசை. அகராதி புரட்ட நாம் புதிதாக எதையும் கற்கவேண்டியதில்லை.

செப்டம்பர் 11

யைசுவிலிருந்து தூத்தூர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். ஷிசுவோகா மாகாணத்தில் சூரைமீன் இறங்கும் பெரிய துறைமுகம் அது. அங்கே மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறார். "கான்ஜி கான்ஜி என்று குதிக்கிறீர்களே தங்கச்சி, இங்கே மேற்பார்வையாளர் எழுதிக் காட்டுவதில்லை, கத்துகிறார். காதைத் தீட்டுங்கள்" என்கிறார். சரி அண்ணா. அதற்கு அப்புறம் வருகிறேன். அவர் சொன்ன மீன் கதைதான் எனக்குப் பிடித்தது.

மீன் என்ற எழுத்தை இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வொரு மீனாக வரும். சுஷிக் கடைகளில் தேநீர்க் கோப்பை முழுக்க இந்த எழுத்துகளை அச்சடித்திருப்பார்களாம். மீனோடு "கெட்டி" சேர்ந்தால் சூரை. காயவைத்துப் புகைபோட்டால் கட்டையாகிவிடும், அதைச் சீவித்தான் அவர்கள் குழம்புக்குச் சாறு எடுக்கிறார்கள். நம் மாசிக்கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி. மீனோடு "நீலம்" சேர்ந்தால் அயிலை. மீனோடு "பலவீனம்" சேர்ந்தால் சாளை. இந்தச் சாளை எழுத்து சீனாவில் பிறந்ததல்ல, ஜப்பானியர்களே கட்டியது.

சாளைக்கு அந்தப் பெயர் வைத்தவன் மீன் விற்றவனாகத்தான் இருக்கவேண்டும். எங்கள் தெருவுக்குக் குளச்சல் மீன் கொண்டுவருகிற அக்கா, வெயில் ஏறினால் சாளைக்கூடையைத் தொடவே விடமாட்டார். விரல் பட்டால் வயிறு வெடித்துவிடும். சூரையைக் கல்லில் அடித்தாலும் அப்படியே இருக்கும்.

இவற்றால் என்4இல் அரை மதிப்பெண்கூட வராது. "மீன்" மட்டும்தான் பாடத்தில் உண்டு. ஆனால் இந்த மூன்றும் ஒரே பார்வையில் பதிந்தன. "சங்கடம்", "ஏற்பாடு" என்று நான் பத்து நாளாகத் திருப்பும் அட்டைகள் இன்னும் வழுக்குகின்றன.

செப்டம்பர் 12

அண்ணனே திருத்துகிறார்: அயிலையில் இருக்கும் நீலம் நிறத்துக்காக என்று முழுதாக நம்பவேண்டாம், ஒலிக்காகவும் வைப்பார்கள். ஆமாம், பெரும்பாலான கான்ஜிகள் அப்படித்தான்: ஒரு பாதி பொருளின் இனம் சொல்லும், மறுபாதி ஒலி சொல்லும். கதை கட்டுவது நமக்கு நினைவு நிற்க. வரலாறு என்று சத்தியம் செய்யக்கூடாது.

செப்டம்பர் 25

ஓர் ஒப்புதல் வாக்குமூலம். மாதிரித் தேர்வு எழுதினேன். "வடசேரியில் அரைமணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்" என்பது போல ஒரு வாக்கியம், காத்திருத்தலுக்குரிய கான்ஜியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கறுப்பாக்கியது, கையில் வைத்திருத்தல். அரைமணி நேரம் பஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன், இது எல்லோருக்கும் வரும். கோவில் என்று ஓர் எழுத்து உண்டு, புத்தக் கோவில். அதன் இடப்பக்கம் சூரியன் நின்றால் நேரம். கை நின்றால் வைத்திருத்தல். நடக்கிற ஆளின் குறி நின்றால் காத்திருத்தல். மாடு நின்றால் சிறப்பு. பேச்சு நின்றால் கவிதை. ஆக, கோவிலையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். நான் அட்டையைச் சட்டென்று திருப்பிப் பழகியதால் கோவில் தெரிந்தவுடன் "தெரியும்" என்று அடுத்ததற்குப் போயிருக்கிறேன். மூன்று மாதமாக வாசலைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று, நர்ஸுக்கு அவமானமானது. தட்டு என்ற எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கீற்று போட்டால் இரத்தம். "சாப்பிட்ட பிறகு இரத்தத்தைக் கழுவினேன்" என்று படித்துவிட்டு, ஏதோ அறுவைச் சிகிச்சைப் பத்தி போலிருக்கிறது என்று மேலே போய்விட்டேன்.

ஆகவே நான் ஆகஸ்டில் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். கை போகிற வழியில்தான் கண் கவனிக்கிறது. ஐம்பது முறை வேண்டாம், ஐந்து போதும். குழப்புகிற இரண்டை அக்கம்பக்கமாக வைத்து எழுதுங்கள்.

தம்பி ஒரு சிரிப்பை மட்டும் பதிலாகப் போட்டிருக்கிறார். ஏழாவது நோட்டாம்.

அக்டோபர் 9

கோடுகளின் வரிசை அவசியமா என்கிறார்கள். தேர்வுக்கு இல்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள்: வலது, இடது என்ற இரண்டு எழுத்துக்கும் மேல்பாதி கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். வலதில் முதலில் சாய்கோடு, பிறகு படுக்கைக்கோடு. இடதில் முதலில் படுக்கைக்கோடு, பிறகு சாய்கோடு. யாருக்காக இந்த வம்பு என்று அலுத்துக்கொண்டேன்.

அம்மா பக்கத்தில் இருந்தார். இருபது வருடம் அண்டியாபீஸில் முந்திரி உடைத்த கை. "ஒவ்வொரு கொட்டைக்கும் அடிக்கிற இடம் உண்டு. முதல் அடி தப்பினால் இரண்டாவது அடியில் பருப்பு இரண்டாகப் போகும். அப்படித்தான் இருக்கும், சொன்னபடி போடு" என்றார். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

அவருக்கு இன்னும் இது "கஞ்சி"தான். இரவுப் பணி முடிந்து வந்தால், "கஞ்சியும் பயறும் மூடி வைத்திருக்கிறேன், அதைக் குடித்துவிட்டு உன் கஞ்சியைப் படி" என்பார்.

அக்டோபர் 23

காய்ச்சல். ஒன்பது நாள் அட்டை தொடவில்லை. கைபேசியிலும் ஒரு அட்டைச் செயலி வைத்திருந்தேன், அதில் நிலுவை 412 என்று காட்டுகிறது. வட்டிக்கடை மாதிரி. அதை அழித்துவிட்டேன். கையுறைப்பெட்டி அட்டை வட்டி கேட்காது.

நவம்பர் 6

யைசு அண்ணன் மறுபடியும்: "கேட்கும் பகுதிக்கு என்ன செய்கிறீர்கள்?"

அண்ணா, நாம் தமிழர்கள். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கு ஒஜிசானுக்கும் ஒஜீசானுக்கும் வேறுபாடு கேட்பது பெரும்பாடு என்று படித்தேன். ஒருவர் மாமா, மற்றவர் தாத்தா, ஓர் இகரம் நீண்டால் முப்பது வயது கூடிவிடும். குறிலும் நெடிலும் நமக்கு முதல் வகுப்பிலேயே முடிந்த விஷயம். ஒற்று இரட்டிப்பதும் அப்படியே: பள்ளிக்கு ககு, கோ என்ற இரண்டும் சேர்ந்து கக்கோ ஆகிறது. பூக்கூடை எழுதத் தெரிந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கடைசி இரண்டு வாரம் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்பெண் கணக்கு கேட்டவர்களுக்கு: மொத்தம் 180, தேர்ச்சிக்கு 90. அது மட்டும் போதாது. சொல், இலக்கணம், வாசிப்பு சேர்ந்த 120இல் குறைந்தது 38 வேண்டும். கேட்டலின் 60இல் குறைந்தது 19 வேண்டும். எதிலாவது ஒன்று குறைந்தாலும், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான்.

நவம்பர் 27

கோட்டாறு சவேரியார் கோவிலில் கொடியேறிவிட்டது. தங்கியிருக்கும் அறை பக்கத்துத் தெருவில். கேட்டல் பயிற்சிக்கு உட்கார்ந்தால், ஒலிபெருக்கியில் காணாமல்போன குழந்தையின் சட்டை நிறம் சொல்கிறார்கள். சிவப்புச் சட்டை, நான்கு வயது. அது கிடைக்கும்வரை எனக்கு ஜப்பானியம் ஏறவில்லை. கிடைத்த பிறகு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 5, ரயிலில்

திருவிழாவின் கடைசி நாளன்று சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். விடிந்தால் எழும்பூர், அன்றே பரீட்சை. இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

முதல் 25 நிமிடம், சொல்லும் கான்ஜியும். வெண்ணெயில் கத்தி. கோவில் எழுத்தும் வந்தது, வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டுத்தான் கறுப்பாக்கினேன். அடுத்த 55 நிமிடம் இலக்கணமும் வாசிப்பும். பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

கடைசி 35 நிமிடம் கேட்டல். ஒரே முறைதான் ஒலிக்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது, கேட்ட சொல் மனதுக்குள் கான்ஜியாக மாறியது, அந்தக் கான்ஜியை நான் படித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. தேதி கேட்டார்கள். நான்காம் தேதி யொக்கா. எட்டாம் தேதி யோ என்று நீண்டு, க ஒற்றையாக வரும். குறில் நெடில் பெருமை பேசிய நான் இரண்டில் எது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்தேன். காதுக்கு வித்தியாசம் கேட்டது ஐயா, எது நான்கு எது எட்டு என்பதுதான் வரவில்லை. கண்ணால் பார்த்திருந்தால் எண் எழுதியிருக்கும்.

டிசம்பர் 8

திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சவேரியாரும் ஜப்பானுக்குப் போனவர்தான் என்பது நம் ஊரில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1544இல் நம் கரையோரக் கிராமங்களில் நடந்தவர், 1549 ஆகஸ்டில் ககோஷிமாவில் இறங்கினார். மலாக்காவில் சந்தித்த அஞ்சிரோ என்ற ஜப்பானியர்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்.

கடவுளுக்கு ஜப்பானியத்தில் என்ன சொல் என்பதற்கு அஞ்சிரோ கொடுத்தது டைனிச்சி. இரண்டே எழுத்து: பெரிய, சூரியன். இரண்டுமே என்4க்கும் கீழே உள்ள தொடக்க நிலையான என்5இன் பாடம், முதல் வாரத்தில் நாம் படித்தவை. சவேரியாரும் தெருத்தெருவாக டைனிச்சியை வணங்குங்கள் என்று பிரசங்கம் செய்தார். பிறகுதான் தெரிந்தது, அது பௌத்தர்களின் மகாவைரோசன புத்தரின் பெயர். பிக்குகள் முதலில் அவரை நம்ம ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். அதன்பின் மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று லத்தீன் சொல்லான தேயுஸையே சொல்ல ஆரம்பித்தார்.

எழுத்து எழுத்தாகப் பொருள் தெரிந்தும் சொல் தெரியாவிட்டால் புனிதருக்கே இந்தக் கதி. இதை நான் ஆகஸ்டில் சொன்ன "சொல்லாகப் பிடியுங்கள்" என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். கேட்டல் பற்றி இப்போது பேசவேண்டாம்.

ஜனவரி 28, 2023

சொல், இலக்கணம், வாசிப்பு: 88. கேட்டல்: 17. மொத்தம் 105.

தோல்வி. இரண்டு மதிப்பெண்.

ஜனவரி 29

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, போதும். யைசு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குத்தான் அதிக நன்றி.

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோதாக இருந்ததை மட்டும் படித்திருக்கிறேன். சத்தமில்லாத வார்டில் சத்தமில்லாத அட்டை. ஜப்பானியம் என்று நான் ஐந்து மாதம் படித்தது ஊமைப்படம்.

ஜனவரி 30

தம்பி தேறிவிட்டார். 64, 33. மொத்தம் 97.

சந்தோஷம். உண்மையாகவே. ஒரு மணி நேரம் கழித்துத்தான் சந்தோஷம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு நோட்டு முடித்திருக்கிறார். நான் மூடச் சொன்ன நோட்டை ஒருநாளும் மூடவில்லை.

கேட்டலில் 33 எப்படி என்று கேட்டேன். அவர் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். "அக்கா, ஐம்பது முறை எழுதும்போது சலிப்பாக இருக்குமே. அதனால் பாடத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டுதான் எழுதுவேன். கை அதுபாட்டுக்குப் போகும், காது அதுபாட்டுக்குக் கேட்கும். சேர்ந்து சத்தமாகச் சொல்லுவேன், பாட்டி திட்டும்வரை."

ஆகஸ்டில் நான் எழுதியது: "மீதி நாற்பத்தேழும் கை தன்பாட்டுக்குப் போடுகிற கோடு."

பிப்ரவரி 3

ஜூலை 2 ஞாயிற்றுக்கிழமை அடுத்த தேர்வு. பகல் பணி கேட்டிருக்கிறேன், கிடைக்கும்போல. மாதத்தின் தேதிகள் முப்பத்தொன்றையும் அம்மாவிடம் தினமும் சத்தமாகச் சொல்கிறேன். நேற்று யொக்கா என்றேன், "நாலு" என்றார் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். அவருக்கு வந்துவிட்டது.

தம்பி, ஒரு விவரம் வேண்டும். வடசேரியில் மூன்று கடை ஏறி இறங்கினேன், எல்லோரும் கணக்கு நோட்டைத்தான் காட்டுகிறார்கள், கட்டம் மிகவும் சின்னது. நீங்கள் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?